மேண்டிலிலிருந்து சாம்பலுக்கு: வடசென்னையில் தோரியம் வந்த வழி

தமிழ்நாட்டில் கதிரியக்கம் என்றதும் கல்பாக்கமும் கூடங்குளமும் நினைவுக்கு வரும். அணு உலை இருக்கும் ஊர்கள் அவை. ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் உலை எதுவும் கிடையாது. ஆனாலும் கதிரியக்கம் இங்கே புதிய விருந்தாளி அல்ல. விளக்கின் வலையாகவும், நிலக்கரியாகவும், பாஸ்பேட் பாறையாகவும், பற்றவைப்பைச் சோதிக்கும் கருவியாகவும் அது வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. எல்லாமே சரக்காக வந்தவை.

இவற்றில் தோரியம் என்ற ஒரு தனிமத்தை முதன்மையாகப் பின்தொடர்கிறது இக்கட்டுரை. ஒரே தோரியம் அணு, ஒரே வேகத்தில் சிதைவது, இந்த நூறாண்டில் மூன்று விதமாக நடத்தப்பட்டிருக்கிறது. மணலில் இருந்தபோது நாட்டின் சொத்து; விளக்கில் இருந்தபோது பெட்டிக்கடைச் சாமான்; சாம்பலில் இருக்கும்போது கழிவு. எந்தப் பெயரில் எதை அளப்பது, எதை விடுவது என்ற முடிவுகளில் இயற்பியலுக்கு எவ்வளவு பங்கு, வணிகத்துக்கு எவ்வளவு பங்கு என்பதே இங்கே கேள்வி.

மணலும் மேண்டிலும்

ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஔவர் ஃபான் வெல்ஸ்பாக் எரிவாயு விளக்கில் ஒளிரும் ‘மேண்டில்’ என்ற வலைக்கு 1885இல் காப்புரிமை பெற்றார். ஆரம்ப வலைகள் பச்சையாக எரிந்தன, எவருக்கும் பிடிக்கவில்லை. 1891இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் என்ற கலவையைக் கண்டுபிடித்த பிறகுதான் வெள்ளை வெளிச்சம் கிடைத்தது. தோரியம் கதிரியக்கம் உடையது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கதிரியக்கம் என்ற ஒன்று இருப்பதே ஹென்றி பெக்கரல் வாயிலாக 1896இல்தான் வெளிவந்தது.

ஐரோப்பிய மேண்டில் ஆலைகளுக்கு முதலில் தோரியம் கலந்த பிரேசில் நாட்டு மோனசைட் மணல் போனது. 1909இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். கயிற்றுச் சரக்கோடு ஒட்டிக்கொண்டு போன மணல், கயிற்றைவிட விலைமதிப்பானது என்று தெரிந்துவிட்டது. மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை தொடங்கியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை அது. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் கையிலிருந்து ஆங்கிலேய நிறுவனத்தின் கைக்கு அந்தத் தொழில் மாறியது.

தென்கோடியிலிருந்து மணலாகக் கப்பலேறிய தோரியம், பெர்லினில் உருவான பெட்ரோமாக்ஸ் போன்ற மண்ணெண்ணெய் விளக்குகளின் மேண்டிலாகத் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தது. மின்சாரம் எட்டிப்பார்க்காத கடலோரக் குப்பங்களில் விடியுமுன் நடக்கும் மீன் ஏலத்துக்கும், கல்யாண ஊர்வலத்துக்கும், கோயில் கூத்துக்கும் அந்த வெளிச்சம்தான். விடுதலைக்குப் பின் மேண்டில் தொழில் உள்நாட்டில் வளர்ந்தபோது அதற்கு மூலப்பொருள் கொடுத்தது அணுசக்தித் துறைதான். 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1955இல் டிராம்பேயில் தோரியம் ஆலை வந்தது. எதிர்கால உலைகளுக்கான எரிபொருள் என்று பேசப்பட்ட தோரியம், அந்த ஆலையிலிருந்து பெரும்பாலும் தோரியம் நைட்ரேட்டாக மேண்டில் உற்பத்தியாளர்களுக்குப் போனது. இந்தியாவின் மூன்றுகட்ட அணுசக்தித் திட்டத்தில் தோரியத்துக்கு உரிய மூன்றாம் கட்டம் வருவதற்கு வெகு முன்பே அது கல்யாண ஊர்வலத்தில் எரிந்துவிட்டது என்று சொன்னால் அது கேலி மட்டும் அல்ல.

1984இல் வெளிவந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி வாடகைக்கு வைத்திருக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலை, இது எப்படி எரியும் என்று நம்பாமல் செந்தில் தொட்டுப்பார்த்து உதிர்த்துவிடும் காட்சியைத் தமிழ் பேசுகிறவர்களில் பார்க்காதவர் அபூர்வம். அதில் உள்ள வேதியியல் மிகச் சரியானது. புது மேண்டில் என்பது தோரியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்த துணிவலை. முதல்முறை பற்றவைக்கும்போது துணி எரிந்துபோய், நைட்ரேட் ஆக்சைடாக மாறி, வலையின் வடிவத்தில் ஓர் எலும்புக்கூடு மிஞ்சும். விரல் பட்டால் பொடி. ஒரு மேண்டிலில் ஏறத்தாழ கால் கிராம் தோரியம் இருந்தால், அதில் நொடிக்குச் சுமார் 1,000 தோரியம்-232 அணுக்கள் சிதைகின்றன. அதாவது 1,000 பெக்கரல். விளக்கின் அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு இதனால் பெரிய கேடு இல்லை. உடைந்த மேண்டிலை ஊதிவிட்டுப் புதிது மாட்டுகிறவர் சுவாசிக்கும் தூளில்தான் விஷயம் இருக்கிறது. அதைப் பற்றி விளக்குக் கடைகளில் யாரும் எச்சரித்ததாகத் தெரியவில்லை. மேண்டில் உறையும் பெரும்பாலும் அதைச் சொன்னதில்லை.

விளக்குத் தொழில் விட்ட புதிர்

கதிர்களின் வகைப்பாடு பாடநூலில் மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. தோரியம் கதிரியக்கம் உடையது என்று 1898இல் ஷ்மிட்டும் மேரி கியூரியும் தனித்தனியே கண்டனர். அடுத்த ஆண்டு ரூதர்ஃபோர்டு, மெல்லிய தகட்டிலேயே நின்றுவிடும் கதிருக்கு ஆல்ஃபா என்றும், அதைத் தாண்டிப் போவதற்குப் பீட்டா என்றும் பெயரிட்டார். 1900இல் பாரிசில் வில்லார்டு, ஈயத்தையும் ஊடுருவும் மூன்றாவது வகையைக் கண்டார். அது பின்னர் காமா ஆயிற்று. ஆல்ஃபா என்பது ஹீலியத்தின் அணுக்கரு, பீட்டா என்பது எலக்ட்ரான், காமா என்பது மின்காந்த அலை. இவ்வளவுதான் வகை.

சிதைவு என்ற கருத்து உருவான கதை இதைவிடச் சுவையானது; அதில் மேண்டில் தொழிலுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1902இல் மான்ட்ரியாலில் ரூதர்ஃபோர்டும் சோடியும் தோரியத்திலிருந்து ‘தோரியம் எக்ஸ்’ என்ற பொருளை வேதிமுறையில் பிரித்தனர். பிரித்த பொருளின் வீரியம் சுமார் நான்கு நாளில் பாதியானது. தோரியமோ அதே வேகத்தில் இழந்ததை மீட்டுக்கொண்டது. ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது இந்த வரவுசெலவுக் கணக்கிலிருந்து. தோரியம் எக்ஸ் இன்று ரேடியம்-224 எனப்படுகிறது. அதன் அரை ஆயுள் 3.66 நாள்.

ஆனால் ஒரு முரண்பாடு பாக்கி இருந்தது. மேண்டில் ஆலைகள் தயாரித்த தோரியம் உப்பு, அதே அளவு தோரியம் கொண்ட கனிமத்தைவிடக் குறைவான வீரியம் காட்டியது. எல்லா உப்பும் ஒரே அளவிலும் இல்லை. தயாரித்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைப் பொறுத்து மாறியது. 1905இல் ஆட்டோ ஹான் ரேடியோதோரியத்தையும், 1907இல் மீசோதோரியத்தையும் கண்டபின் விடை கிடைத்தது. தோரியம்-232 சிதைந்தால் முதலில் வருவது மீசோதோரியம், அதாவது ரேடியம்-228. அது தோரியமல்ல, ரேடியம் ஆகையால் ஆலையில் சுத்திகரிக்கும்போது கழிவோடு போய்விடும். ரேடியோதோரியமோ தோரியத்தின் இன்னொரு ஐசோடோப்பு, தோரியம்-228. எந்த அமிலத்தாலும் அதைத் தாயிடமிருந்து பிரிக்க முடியாது. சுத்திகரித்த நாளில் தாயும் பேத்தியும் இருக்க, நடுவிலுள்ள மகள் இல்லை. பேத்தியின் அரை ஆயுள் 1.9 ஆண்டு, நிரப்ப ஆளில்லாததால் அது குறைந்துகொண்டே போகும். இதற்கிடையில் 5.75 ஆண்டு அரை ஆயுளுடைய ரேடியம்-228 மெல்ல மெல்லப் புதிதாக உருவாகும். நான்கைந்து ஆண்டில் உப்பின் வீரியம் அடிமட்டம் தொட்டு, மறுபடி ஏறத் தொடங்கும். முழு அளவுக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். பரணில் கிடக்கும் தாத்தா காலத்து மேண்டில், கடையில் நாலு வருஷம் கிடந்த மேண்டிலைவிட அதிகம் கதிர்வீசும் என்பது இதன் விளைவு.

முழுத் தொடரையும் எண்ணிக்கையிலேயே சரிபார்க்கலாம். தோரியத்தின் நிறை எண் 232. தொடர் முடியுமிடம் ஈயம்-208. வித்தியாசம் 24. ஒவ்வோர் ஆல்ஃபாவும் நான்கைக் குறைக்கும் என்பதால் ஆறு ஆல்ஃபா. அணு எண் 90லிருந்து பன்னிரண்டு குறைந்து 78 ஆகவேண்டும்; ஈயத்தின் அணு எண்ணோ 82. குறையும் நான்கைத் தருவது நான்கு பீட்டா. வழியில் ரேடான்-220 என்ற வாயு 55.6 நொடி அரை ஆயுளோடு வந்துபோகும். கடைசிக்கு முந்திய தாலியம்-208 வெளியிடும் காமாவின் ஆற்றல் 2.614 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட். இயற்கையில் இவ்வளவு ஆற்றலுள்ள காமா கோடு வேறு அதிகம் இல்லாததால், மண்ணிலோ சாம்பலிலோ தோரியம் இருப்பதை இன்றும் இந்தக் கோட்டை வைத்தே அடையாளம் காண்கிறார்கள்.

மின்சாரம் கொண்டுவந்தது

பெட்ரோமாக்ஸை வீட்டிலிருந்து வெளியேற்றியது மின்சாரம். சென்னையில் அந்த மின்சாரம் வடசென்னையில்தான் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசின் பிரிட்ஜில் நிலக்கரி மின்நிலையம் வந்தது. 1970க்கும் 1975க்கும் இடையில் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகள், மொத்தம் 450 மெகாவாட், இயங்கத் தொடங்கின. 1990களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டமாக 210 மெகாவாட் அலகுகள் மூன்று. அடுத்த கட்டமாக 600 மெகாவாட் அலகுகள் இரண்டு. பக்கத்தில் வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. மேண்டிலோடு வீட்டை விட்டுப் போன தோரியம், விளக்கை ஏற்றும் கம்பியின் மறுமுனையில் நிலக்கரியாக வந்து இறங்கியது.

நிலக்கரி ஒடிசாவின் தால்சர், இப் பள்ளத்தாக்குச் சுரங்கங்களிலிருந்து பாராதீப் வழியாகக் கப்பலில் வரும், இந்தோனேசியாவிலிருந்தும் வரும். முதலில் சென்னைத் துறைமுகத்தில் இறக்கினார்கள். ராயபுரம் வீடுகளின் மொட்டைமாடியில் காயப்போட்ட துணியில் கரி படிந்த காலம் அது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. நிலக்கரி, இரும்புத்தாது இரண்டையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்ற உயர்நீதிமன்ற உத்தரவு 2011 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்தபின் தூசு வடக்கே எண்ணூருக்கு நகர்ந்தது. ராயபுரத்துக்கு நிம்மதி, காட்டுக்குப்பத்துக்கும் அத்திப்பட்டுக்கும் அதையே சொல்ல முடியாது.

நிலக்கரியில் கதிரியக்கம் கொஞ்சம்தான். உலக சராசரியாகக் கிலோவுக்கு யுரேனியம்-238, தோரியம்-232 ஒவ்வொன்றும் 20 பெக்கரல் அளவில் சொல்லப்படுகின்றன. சாதாரண மண்ணைவிடக் குறைவு. மண்ணில் இவை 30, 40 பெக்கரல் உண்டு. ஆனால் எரிக்கும்போது கரி போய்விடும், கனிமம் தங்கிவிடும். நூறு கிலோ எரித்து நாற்பது கிலோ சாம்பல் என்றால் செறிவு இரண்டரை மடங்கு. இங்கே ஒரு விசித்திரம் உண்டு. இந்திய நிலக்கரியின் பெரிய குறை என்று எல்லோரும் சொல்வது அதன் சாம்பல், 30 முதல் 45 சதவீதம். அந்தக் குறையே கிலோவுக்கு உரிய கதிரியக்கத்தை மட்டுப்படுத்துகிறது. பத்து சதவீதம் சாம்பல் தரும் ‘நல்ல’ நிலக்கரியில் அதே யுரேனியம் இருந்தால் சாம்பலில் செறிவு பத்து மடங்காகும். ஆனால் கிலோவுக்கு எவ்வளவு என்பதும் மொத்தம் எவ்வளவு என்பதும் வேறுவேறு கேள்விகள். பத்து லட்சம் டன் நிலக்கரியில் மேலே சொன்ன சராசரிப்படி ஒன்றரை டன்னுக்கு மேல் யுரேனியமும் ஏறத்தாழ ஐந்து டன் தோரியமும் இருக்கும். ஐந்து டன் தோரியத்தில் கால் கிராம் மேண்டில் இரண்டு கோடி செய்யலாம். மேண்டில் என்றால் யாரோ வாங்குவார்கள். நான்கு லட்சம் டன் சாம்பலில் கலந்துவிட்ட பிறகு அதற்கு விலையும் இல்லை, பெயரும் இல்லை.

சாம்பலை எப்படி அளக்கிறார்கள் என்பதை அருகில் போய்ப் பார்த்தால் சிதைவுத் தொடரின் அருமை புரியும். சாம்பல் குட்டையிலிருந்து எடுத்த மாதிரியை 110 டிகிரியில் உலர்த்தி, சலித்து, காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து ஒரு மாதம் சும்மா வைத்துவிடுவார்கள். காரணம் யுரேனியத் தொடரில் வரும் ரேடான்-222. ரேடியம்-226 நேரடியாக வீசும் காமா பலவீனமானது. வேறு கதிர்களோடு குழம்பக்கூடியது. அதனால் ரேடானுக்குப் பின்வரும் பிஸ்மத்-214இன் காமாவை எண்ணி, அங்கிருந்து பின்னோக்கி ரேடியத்தைக் கணக்கிடுவார்கள். நடுவிலுள்ள ரேடான் வாயு என்பதால் கசிந்துவிடலாம். மூடிவைத்தால் அதன் அரை ஆயுளான 3.82 நாளைப்போல ஏழெட்டு மடங்கு காலத்தில் தாயும் வாரிசும் சமநிலைக்கு வந்துவிடும். பிறகு தடித்த ஈயச் சுவருக்குள் உணர்கருவியின் மேல் டப்பாவை வைத்து மணிக்கணக்கில் எண்ணிக்கை. மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் கணக்கில் பொட்டாசியம்-40க்கு 1.461, பிஸ்மத்-214க்கு 1.764, தாலியம்-208க்கு 2.614 என்று மூன்று முகடுகள் எழும்.

கிடைத்த மூன்று எண்ணையும் ஒரே எண்ணாக்க ‘ரேடியம் சமானம்’ என்ற கணக்கு இருக்கிறது. ரேடியம்-226இன் அளவோடு, தோரியம்-232ஐ 1.43ஆல் பெருக்கியதையும் பொட்டாசியம்-40ஐ 0.077ஆல் பெருக்கியதையும் கூட்ட வேண்டும். கட்டடப் பொருளுக்கு வரம்பு கிலோவுக்கு 370 பெக்கரல். இந்தியச் சாம்பலுக்கு இயல்பான ஓர் உதாரணமாக ரேடியம் 80, தோரியம் 100, பொட்டாசியம் 350 என்று வைத்துக்கொண்டால் விடை 250. வரம்புக்குள்தான். இதில் தோரியத்தின் பங்கு 143, பாதிக்கும் மேல். சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் சாம்பல் கலக்கிறார்கள்; அந்த அளவில் கணக்கு இன்னும் இறங்கும். முழுக்கச் சாம்பலால் நிரப்பிய பள்ளத்தின்மேல் வீடு கட்டுவது இதில் சேராது.

நிலக்கரிச் சாம்பல் அணுக்கழிவைவிட அதிகக் கதிர்வீசும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. அதன் மூலம் 1978இல் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்த மெக்பிரைடும் சக ஆய்வாளர்களும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை. ஒழுங்காக இயங்கும் அணுமின் நிலையம் காற்றில் விடும் கதிரியக்கத்தையும் நிலக்கரி நிலையம் புகைபோக்கி வழியே விடுவதையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். உலையிலிருந்து எடுத்த எரிபொருளோடு சாம்பலை ஒப்பிடவே இல்லை. ஒப்பிட்டால் சாம்பல் எட்டமுடியாத தூரத்தில் கீழே நிற்கும். வயதுவந்த ஒருவர் உடம்பிலேயே பொட்டாசியம்-40 மட்டும் 4,000 பெக்கரல் அளவில் இருக்கிறது. எண்ணூர்ச் சாம்பலின் முதல் ஆபத்து கதிர் அல்ல என்றே நான் கருதுகிறேன். நுண்தூசு, ஆர்செனிக் முதலான நச்சுத் தனிமங்கள், ஆற்றின் அடி மேடாகிப்போவது ஆகியவை முன்னே நிற்கின்றன. 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கொசஸ்தலை ஆற்றில் கலந்த சாம்பல் குறித்துத் தீர்ப்பளித்தபோது முன்னிலையில் இருந்தவையும் இவைதாம். கதிரியக்கம் என்ற சொல்லைப் பூச்சாண்டியாகக் காட்டினால் இந்த வழக்கு வலுவிழக்குமே தவிர வலுப்பெறாது.

அதற்காகக் கதிரியக்கத்தை அளக்காமல் விடலாம் என்று ஆகாது. கொதிகலனின் வெப்பத்தில் யுரேனியமும் தோரியமும் ரேடியமும் கண்ணாடிபோல் உருகி இறுகும் சாம்பல் மணிக்குள் சிறைப்படுகின்றன. அதனால்தான் சாம்பலிலிருந்து ரேடான் வெளியேறுவது மண்ணைவிடக் குறைவு. ஈயம்-210உம் பொலோனியம்-210உம் அப்படி அல்ல. அவை ஆவியாகி, புகை குளிரும்போது மிக நுண்ணிய துகள்களின் மேற்பரப்பில் படிகின்றன. நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியவை அந்தத் துகள்களே. பொலோனியம்-210 ஏறக்குறைய முழுக்க ஆல்ஃபா வீசுவது. ஒரு தாள் தடுத்துவிடும் கதிர் அது. உடம்புக்கு வெளியே இருக்கும்வரை.

பாறையும் கருவியும்

எண்ணூரின் உரத் தொழிலும் இதே கதையின் இன்னொரு கிளை. இறக்குமதியாகும் பாஸ்பேட் பாறையில் யுரேனியமும் அதன் வாரிசுகளும் இருக்கும். கந்தக அமிலம் ஊற்றிப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும்போது யுரேனியத்தின் பெரும்பகுதி அமிலத்தோடும், ரேடியத்தின் பெரும்பகுதி ஜிப்சத்தோடும் போகின்றன. கால்சியத்தோடு ஒரே குடும்பம் என்பதால் ரேடியம் கால்சியம் சல்ஃபேட்டில் குடியேறிவிடுகிறது. இந்தப் பாஸ்போஜிப்சத்தைப் பற்றி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2009இல் வழிகாட்டு உத்தரவு போட்டது: ரேடியம்-226 கிராமுக்கு 1 பெக்கரலுக்குள் இருந்தால் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்தலாம். சாம்பலுக்கு அண்ணன்முறை ஆகும் ஒரு தொழிற்கழிவு, கதிரியக்கத்தின் பெயரிலேயே கணக்கில் வந்த நிகழ்வு இது.

உரிமம் பெற்று உள்ளே வரும் கதிரியக்கத்தின் கதை முற்றிலும் வேறு. கொதிகலன் குழாய், சுத்திகரிப்பு ஆலைக் குழாய், வார்ப்படம் ஆகியவற்றின் பற்றவைப்பில் ஓட்டை உண்டா என்று பார்க்க இரிடியம்-192 பயன்படுகிறது. தொழிலாளிகள் அந்தக் கருவியைக் ‘கேமரா’ என்பார்கள், உள்ளிருக்கும் மூலத்தைச் ‘சோர்ஸ்’ என்பார்கள். வேலை பெரும்பாலும் இரவில். சுற்றிலும் கயிறு கட்டி ஆட்களை விலக்கிவிட்டு, ஈயமும் யுரேனியமும் சூழ்ந்த பெட்டியிலிருந்து சோர்ஸைக் கம்பி வழியே வெளியே தள்ளி, குழாயின் மறுபக்கம் ஒட்டிய பிலிமில் நிழல் விழவைத்து, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மார்பில் அளவி அட்டை மாட்டியிருக்கும். இரிடியத்தின் அரை ஆயுள் 74 நாள். இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை வீரியம் பாதியாவதால் பிலிமுக்குக் கொடுக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், பிறகு புது சோர்ஸ் வரவழைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, பொறுப்பாளர் உண்டு, திருப்பி அனுப்பும் முகவரி உண்டு.

அந்தச் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரி காட்டியது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டு பயன்படாமல் கிடந்த கோபால்ட்-60 கருவி ஏலத்தில் பழைய இரும்பாகப் போனது. பிரித்துப் பார்த்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. பல்கலைக்கழகம் மறந்த காலத்துக்குள் அது அடங்கிவிடவில்லை. வடசென்னையின் காயலான் கடைகளுக்கும் துறைமுகம் வழியாகக் கொள்கலன் கொள்கலனாக வரும் இறக்குமதிப் பழைய இரும்புக்கும் இந்த நிகழ்வு வெகுதொலைவில் இல்லை. 2008இல் இந்திய எஃகில் செய்த மின்தூக்கிப் பொத்தான்களில் கோபால்ட்-60 இருப்பது பிரான்சில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. உருக்கு உலையில் போட்டுவிட்டால் மூலம் மறைவதில்லை, பரவுகிறது.

கிலோவும் குவியலும்

1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் தோரியத்தை அரசின் கட்டுப்பாட்டில் வைத்தது, அது எரிபொருளாகக்கூடும் என்பதால். இந்திய மோனசைட்டில் எட்டு, ஒன்பது சதவீதம் தோரியம் ஆக்சைடு. கிலோவுக்கு மூன்று லட்சம் பெக்கரல் அளவில் வரும். சாம்பலில் நூறு. ஆக, சட்டம் இரண்டையும் வேறாக நடத்தியதில் இயற்பியல் நியாயம் இருக்கிறது. பன்னாட்டு அணுசக்தி முகமை 2004இல் யுரேனிய, தோரியத் தொடர்களுக்கு வைத்த விலக்கு அளவு கிராமுக்கு 1 பெக்கரல். சாம்பல் அதில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் இந்த நியாயம் மேண்டிலிடம் தோற்கிறது. அதில் கிராமுக்கு ஆயிரக்கணக்கில் பெக்கரல் இருந்தும் அது மளிகைக் கடையில் தொங்கியது. வாங்குகிறவர் வெளிச்சம் வாங்குகிறார் என்பதால் அது நுகர்பொருளாயிற்று.

சாம்பலின் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கிலோவுக்கு எவ்வளவு என்று விதி கேட்கும். எத்தனை கிலோ ஒரே இடத்தில் என்று கேட்பதில்லை. 1999 செப்டம்பரில் தொடங்கி வந்த சாம்பல் அறிவிக்கைகள் சாம்பலை முழுவதும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற திசையில் போகின்றன: செங்கல், சிமெண்ட், சாலை, பள்ளம் நிரப்புதல். கொள்கையளவில் நல்லது, செப்பாக்கத்துக்கு அருகே உள்ள சாம்பல் குட்டையில் குவிந்து கிடப்பதைவிடச் செங்கல் மேல். ஆயினும் குவியலை ஊரெங்கும் கிலோ கிலோவாகப் பிரித்தால் ஒவ்வொரு கிலோவும் வரம்புக்குள் நிற்கும், மொத்தம் குறைவதில்லை.

இந்த மொத்தத்தின் வரலாற்றை எழுதக்கூடிய ஆவணம் எண்ணூர் முகத்துவாரத்தின் சேற்றிலேயே இருக்கிறது. ஈயம்-210இன் அரை ஆயுள் 22 ஆண்டு. காற்றிலுள்ள ரேடானிலிருந்து பிறந்து மழையோடு இறங்கி நீரடியில் படியும் இதை வைத்து, கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுச் சேற்றடுக்குகளின் வயதைக் கணிப்பது புவிவேதியியலில் பழகிய முறை. 1963ஐ ஒட்டி உச்சம் தொட்ட அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 இன்னொரு அடையாளக் கோடு. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1970இல் தொடங்கியது. 2017 மார்ச்சில் நிலையம் மூடப்பட்டது. அளக்க வேண்டிய காலமும் அளக்கும் கடிகாரமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

ஆனால் அதே ஈயம்-210 சாம்பலின் நுண்துகள்களிலும் படிந்து வருகிறது. சாம்பல் கூழ்க் குழாய் உடைந்து ஆற்றில் கலந்த ஒவ்வொரு முறையும் கடிகாரத்துக்குள் வேற்று ஈயம்-210 புகுந்திருக்கும். தூர்வாரிய இடங்களில் அடுக்கே கலைந்திருக்கும். ஆகவே மாதிரி எடுப்பவர் முகத்துவாரத்தின் தூர்வாராத ஓரங்களைத் தேர்ந்து, ஒவ்வோர் அடுக்கிலும் ரேடியம்-226ஐயும் தோரியம்-232ஐயும் உடன் அளந்து, நுண்ணோக்கியில் சாம்பலின் கண்ணாடி உருண்டைகளை எண்ணி, சீசியம் கோட்டோடு ஒப்பிட்டு, பிறகே ஈயம்-210 சொல்லும் வயதை ஏற்க வேண்டியிருக்கும்.